40 மில்லிமீட்டர் இறங்க வேண்டிய பட்டை

இரும்புக் கடையில் '50க்கு 10 பிளாட்' என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அந்தப் பட்டையில் ஒரு மீட்டர் வெட்டிக்கொள்ள வேண்டும். படுக்கை வாக்கில் ஒரு முனையைச் சுவரில் அசையாமல் பதித்து, மறுமுனையில் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் நுனி எவ்வளவு இறங்கும்? அகலம் 50 மி.மீ., ஆழம் 10 மி.மீ., எஃகின் யங் குணகம் 2 லட்சம் மெகாபாஸ்கல். டிப்ளமோ மாணவர்கூடக் காகிதத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. பட்டையின் சொந்த எடையை விட்டுவிட்டால் இறக்கம் 40 மி.மீ.; சுவரை ஒட்டிய வேர்ப்பகுதியில் வளைவுத் தகைவு 120 மெகாபாஸ்கல்.

இதே பட்டையை 10 எலிமென்டாகப் பிரித்து, பாடப்புத்தகங்களில் முதலில் வரும் இரண்டு நோட் டிமோஷென்கோ பீம் எலிமென்டைப் போட்டு, தொகையீட்டில் எதையும் குறைக்காமல் கணினியிடம் கொடுத்தால் வரும் விடை 1.2 மி.மீ.

திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது. சுவரின் எதிர்விசை ஒழுங்காக 100 நியூட்டன் என்றே இருக்கும். படத்திலும் பட்டை அழகாகவே வளைந்திருக்கும். மென்பொருள் நகர்வுகளைத் தானாகப் பெருக்கி வரைவதால், 1.2 மி.மீ. இறங்கிய பட்டையும் 40 மி.மீ. இறங்கிய பட்டையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அளவுக்கோலின் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் படித்தவருக்கு மட்டுமே சந்தேகம் வரும்.

சந்தேகம் வந்தவர் மெஷ்ஷை நெருக்கிப் பார்ப்பார். 20 எலிமென்டுக்கு 4.4 மி.மீ.; 100 எலிமென்டுக்கு 30 மி.மீ.; 200 எலிமென்டுக்கு 37 மி.மீ. விடை 40-ஐ நோக்கித்தான் நகர்கிறது. ஆகவே நிரலில் பிழை இல்லை; உள்ளீட்டிலும் பிழை இல்லை. ஒரு மீட்டர் பட்டைக்கு 200 எலிமென்ட் போட்டும் 7 விழுக்காடு குறைகிறதே என்பதுதான் சிக்கல். பொறியாளர்கள் ஷியர் லாக்கிங் என்று சொல்வது இதைத்தான்.

பூட்டு எங்கே விழுகிறது

பழைய ஆய்லர்–பெர்னூலி கோட்பாட்டில் உத்திரத்தின் வெட்டுமுகம் எப்போதும் அச்சுக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஸ்டீஃபன் டிமோஷென்கோ 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். வெட்டு விசையால் வெட்டுமுகம் சற்றே சாயலாம் என்று அனுமதித்தால், இறக்கம் ஒன்று, வெட்டுமுகத்தின் சுழற்சி ஒன்று என்று இரண்டு தனித்தனி அளவுகள் கிடைக்கின்றன. அச்சின் சரிவிலிருந்து சுழற்சியைக் கழித்தால் மிஞ்சுவது வெட்டுத் திரிபு. குட்டையான, ஆழமான உத்திரத்தில் அதற்கு மதிப்பு உண்டு. நமது பட்டையைப் போன்ற ஒல்லி உத்திரத்தில் அது கிட்டத்தட்டச் சுழியாக இருக்க வேண்டும், 40 மி.மீ. இறக்கத்தில் வெட்டின் பங்கு 0.003 மி.மீ. மட்டுமே.

இரண்டு நோட் எலிமென்ட் இந்த இரண்டு அளவுகளையும் நேர்கோடாகவே எடுத்துக்கொள்கிறது. இறக்கம் நேர்கோடு என்றால் அதன் சரிவு எலிமென்ட் முழுக்க ஒரே எண். சுழற்சியோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டே போகிறது. மாறாத ஒன்றும் மாறுகிற ஒன்றும் நீளம் முழுக்கச் சமமாக இருக்க முடியாது. நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் சந்திக்க முடியும். மற்ற இடங்களில் எல்லாம் உண்மையில் இல்லாத ஒரு வெட்டுத் திரிபு முளைத்துவிடுகிறது. தச்சரின் மடக்கு அடிக்கோலை வளைத்து வட்டம் போட முயன்றால் துண்டுகள் எப்படி விறைத்துக்கொண்டு நிற்குமோ, அப்படி. இந்தப் பொய்த் திரிபை உண்டாக்கச் சக்தி வேண்டும். பட்டை மெலிய மெலிய, வளைவு விறைப்பு ஆழத்தின் மும்மடியாகச் சரிகிறது. வெட்டு விறைப்போ ஆழத்துக்கு நேர்விகிதத்தில்தான் குறைகிறது. ஆக, பொய்த் திரிபுக்கு ஆகும் செலவு உண்மையான வளைவுக்கு ஆகும் செலவைத் தூக்கி விழுங்கிவிடுகிறது. சக்தியைக் குறைக்கப் பார்க்கும் கணினிக்கு ஒரே வழி, வளையாமல் இருப்பதுதான்.

எவ்வளவு விறைக்கும் என்பதற்கு ஒரே வரியில் கணக்கு இருக்கிறது. செவ்வக வெட்டுமுகம், எஃகு என்றால், ஓர் எலிமென்டின் நீளத்தை உத்திரத்தின் ஆழத்தால் வகுத்து, வந்ததை இருமடியாக்கி, 0.32-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உத்திரம் அத்தனை மடங்கு விறைத்துவிட்டது என்று பொருள். பட்டையை 10 எலிமென்டாகப் பிரித்தபோது நீளம் 100, ஆழம் 10, விகிதம் 10, விறைப்பு 33 மடங்கு. நீளமும் ஆழமும் சமமாக இருந்தால் 1.32 மடங்கு. நீளம் ஆழத்தில் கால்பங்கு என்றால் 1.02 மடங்கு. மொத்தம் எத்தனை எலிமென்ட் என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஆயிரம் எலிமென்ட் போட்டிருக்கிறேன், விடை தப்பாகாது' என்று மேசையைத் தட்டுபவரிடம் கேட்க வேண்டியது, ஒவ்வொன்றின் நீளமும் ஆழத்தோடு ஒப்பிட எவ்வளவு என்பதைத்தான்.

ஐ-வடிவ உத்திரத்தில் 0.32 இன்னும் சிறிதாகிவிடும், ஏனென்றால் வெட்டைத் தாங்குவது நடுவிலுள்ள வெப் தகடு மட்டுமே. ஐஎஸ்எம்பி 300-க்கு அது சுமார் 0.075. ஆறு மீட்டர் உத்திரத்தை ஆறாகப் பிரித்தால் விறைப்பு 1.84 மடங்கு, இறக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பட்டையின் 33 மடங்கைவிட இந்த 1.84-தான் உண்மையில் பயப்பட வேண்டியது. 33 மடங்கு பிசகினால் அலுவலகத்தில் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்துவார். பாதி இறக்கம் வந்தால், 'பரவாயில்லையே, செக்‌ஷன் நன்றாகத்தான் இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

'விறைப்பாக வந்தால் நல்லதுதானே?'

இப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டையின் மற்ற எண்களைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. 10 எலிமென்ட் மாதிரியில் வளைவிலிருந்து தகைவைக் கணக்கிட்டால் வேர்ப்பகுதியில் 120-க்குப் பதிலாக 4 மெகாபாஸ்கல்கூட வராது. முதல் இயல் அதிர்வெண் உண்மையில் 8 ஹெர்ட்ஸ். மாதிரி 47 ஹெர்ட்ஸ் என்று சொல்லும். நிமிடத்துக்கு 480 சுற்று ஓடும் இயந்திரத்தை அதன்மேல் வைக்கலாமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களும் நேர்எதிரான பதிலைத் தரும்.

நெளிவுச் சுமைதான் இன்னும் மோசம். ஒரு முனை பதித்த அந்தப் பட்டையை நீளவாக்கில் அழுத்தினால் சுமார் 2 கிலோநியூட்டனில் நெளிந்துவிடும். பூட்டிய மாதிரி 68 கிலோநியூட்டன் வரை தாங்கும் என்கிறது. சாதாரண எஃகில் இந்தப் பட்டை 125 கிலோநியூட்டனில்தான் இளகத் தொடங்கும் என்பதால், இளகல் சோதனையும் இந்தப் பொய்யைப் பிடித்துக்கொடுக்காது. பல உறுப்புகள் சேர்ந்த சட்டகத்தில் வேறொரு தொல்லை: பூட்டிய உறுப்பு தன் தகுதிக்கு மீறிய சுமையை இழுத்துக்கொள்ளும், பக்கத்து உறுப்புகளுக்கு வேலையே இல்லை என்று அறிக்கை சொல்லும்.

தவறான எலிமென்ட் தேர்வுக்கு எடுத்துக்காட்டாக நார்வேயின் ஸ்லெய்ப்னர்-ஏ எண்ணெய் மேடையை வகுப்புகளில் சொல்வதுண்டு. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவங்கர் அருகே அதன் கான்கிரீட் அடித்தளம் கடலுக்குள் நொறுங்கி மூழ்கியது. நாஸ்ட்ரான் மென்பொருளில் செய்த மாதிரியில் முக்கோணக் குழிவுச் சுவர்களின் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதை ஷியர் லாக்கிங் கணக்கில் எழுதுவது சரியல்ல. அந்த இடத்தில் மெஷ் போதாமல் கோணியிருந்ததும், கம்பிகளின் பிடிமானம் பற்றாமல் போனதும் காரணங்கள். 'கணினி சொன்னது' என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி என்ற அளவில் இரண்டும் உறவினர்கள்.

ஒரு புள்ளியைக் குறைத்தவர்கள்

பூட்டைத் திறந்த முதல் சாவி பார்வைக்குக் குறுக்குவழி போலத்தான் இருந்தது. எலிமென்டின் விறைப்பைக் கணக்கிட அதன் நீளத்தில் சில குறிப்பிட்ட இடங்களில், காஸ் புள்ளிகளில், திரிபை அளந்து கூட்டுவது வழக்கம். இரண்டு நோட் எலிமென்டுக்குத் துல்லியம் வேண்டுமானால் இரண்டு புள்ளிகள் தேவை. அந்த இரண்டிலும் பொய்த் திரிபு இருக்கிறது. ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல். சக்தியில் இருமடியாவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதில்லை. ஆனால் நட்ட நடுவில் ஒரே புள்ளியில் அளந்தால்? அங்கே பொய்த் திரிபு சுழி. ஓ. சி. ஜின்கிவிச், ராபர்ட் டெய்லர், டூ மூவரும் 1971-இல் தகடுகளுக்கும் ஓடுகளுக்கும் இந்தக் குறைத் தொகையீட்டை முன்வைத்தார்கள். 1977-இல் தாமஸ் ஹியூஸும் டெய்லரும் கனோக்நுகுல்சாயும் வெட்டுப் பகுதியை மட்டும் குறைத்து அளக்கும் நான்கு நோட் தகடு எலிமென்டை வெளியிட்டார்கள்.

நமது பட்டைக்கு இதைப் போட்டால் 10 எலிமென்டில் 39.9 மி.மீ. நான்கே எலிமென்டில் 39.4. ஒற்றை எலிமென்டில்கூட 30 மி.மீ.; முழுத் தொகையீட்டில் அதே ஒற்றை எலிமென்ட் தந்தது ஒரு மி.மீ.-யில் நூறில் ஒரு பங்கு.

குறைவாக அளந்தால் ஏன் கூடுதல் சரியாக வருகிறது என்பதுதான் பலரை உறுத்திய கேள்வி. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகத்தில் பணியாற்றிய கங்கன் பிரதாப், ஜி. ஆர். பாஷ்யத்துடன் சேர்ந்து 1982-இல் எழுதிய கட்டுரை அதற்கு விடை தந்தது. வெட்டுத் திரிபின் கோவையைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மாறிலி உறுப்பும் ஒரு நேரியல் உறுப்பும் இருக்கும். மாறிலி உறுப்பில் இறக்கமும் சுழற்சியும் சேர்ந்து வருகின்றன; உத்திரம் மெலியும்போது அது சுழியாவது நியாயமான நிபந்தனை. நேரியல் உறுப்பிலோ சுழற்சி மட்டும்தான். அது சுழியாக வேண்டும் என்றால் வளைவே சுழியாக வேண்டும். இந்தப் பொருந்தாத உறுப்புதான் பூட்டு. ஒரு புள்ளித் தொகையீடு தற்செயலாக அதை நீக்கிவிடுகிறது. புலப் பொருத்தம் என்று வளர்ந்த இந்தச் சிந்தனை, பூட்டிய மாதிரியில் வெட்டு விசைப் படம் ரம்பப் பல் போல் மேலும் கீழும் ஓடுவதையும் விளக்கியது. அந்த ரம்பப் பல் இன்றைக்கும் நல்ல அடையாளம். நுனிச் சுமை மட்டுமே உள்ள உத்திரத்தில் வெட்டு விசை நீளம் முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும்; ஒவ்வொரு எலிமென்டுக்குள்ளும் அது ஏறி இறங்கினால் பூட்டு விழுந்திருக்கிறது.

இன்றைய வணிக மென்பொருள்களின் பீம் எலிமென்டுகளில் இந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஸ்டாட் ப்ரோ போன்றவை உறுப்பின் துல்லியமான விறைப்பையே, வெட்டுத் திருத்தத்தோடு, பயன்படுத்துகின்றன. அங்கே ஓர் உத்திரத்துக்கு ஓர் எலிமென்டே போதும். அபாகஸின் பி31, ஆன்சிஸின் பீம்188 இரண்டும் இயல்பாகவே நீளத்தில் ஒரு புள்ளியில்தான் அளக்கின்றன. அதற்கும் ஒரு விலை உண்டு. பீம்188-இன் இயல்பு நிலையில் எலிமென்ட் முழுக்க வளைவு ஒரே எண், அதாவது நடுப்புள்ளியின் எண். நமது பட்டையில் 10 எலிமென்ட் போட்டால் வேரில் 120-க்குப் பதில் 114 மெகாபாஸ்கல் வரும். இறக்கம் சரியாக வந்த மகிழ்ச்சியில் தகைவை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. வேர் அருகே மெஷ்ஷை நெருக்க வேண்டும், அல்லது எலிமென்டின் கீஆப்ட்(3) அமைப்பை மாற்றி இருபடி எலிமென்டாக்க வேண்டும்.

செங்கல் எலிமென்டுகளின் காலம்

ஆகவே இப்போது பூட்டு விழுவது பெரும்பாலும் திண்ம மாதிரிகளில்தான். கேட் கோப்பு வந்தால் அப்படியே எட்டு நோட் செங்கல்களாக வெட்டிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. பிராக்கெட், ரிப், மெல்லிய தகடு எல்லாமே வளைகிற பாகங்கள். முழுத் தொகையீட்டுச் செங்கல், டிமோஷென்கோ எலிமென்டின் அதே நோயைச் சுமந்துகொண்டிருக்கிறது.

நாஸ்ட்ரானை வளர்த்த ரிச்சர்ட் மெக்நீலும் ஹார்டரும் 1985-இல் எலிமென்டுகளைச் சோதிக்க ஒரு தொகுதிக் கணக்குகளை வெளியிட்டார்கள். அதில் ஒன்று ஒல்லியான கான்டிலீவர்: நீளம் 6, ஆழம் 0.2, தடிமன் 0.1, நீளவாக்கில் ஆறே எலிமென்ட், ஒரே அடுக்கு. தளத்துக்குள் நுனிச் சுமை கொடுத்தால் விடை 0.1081 வர வேண்டும். சாதாரண நான்கு நோட் எலிமென்ட் இதில் 9.3 விழுக்காடுதான் தருகிறது. எலிமென்டுகளைச் சரிவகமாகக் கோணலாக்கினால் 3 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

இங்கேதான் ஒரு தவறான அறிவுரை வாய்வழியாகச் சுற்றிவருகிறது: 'தடிமனில் நாலு அடுக்கு போட்டுவிடு, லாக்கிங் போய்விடும்.' முழுத் தொகையீட்டு எலிமென்டுக்கு அது உதவாது. நமது பட்டையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து இரு பரிமாணத்தில், நான்கு நோட் எலிமென்டுகளால், 100 மி.மீ. நீளத் துண்டுகளாக ஒரே அடுக்கில் மாதிரி செய்தால் இறக்கம் 1 மி.மீ. அதே நீளத்தை வைத்துக்கொண்டு தடிமனில் நான்கு அடுக்காகப் பிரித்தாலும் 1 மி.மீ.-தான். பொய்த் திரிபு நீளவாக்கில் பிறக்கிறது; எத்தனை அடுக்காக்கினாலும் ஒவ்வோர் அடுக்கும் அதே திரிபைச் சுமக்கிறது. மாறாக ஒரே அடுக்கை வைத்துக்கொண்டு நீளத்தை 10 மி.மீ.-யாகக் குறைத்தால் 27 மி.மீ. கிடைக்கும். நான்கு அடுக்கும் 2.5 மி.மீ. நீளமுமாகச் சதுரங்கள் போட்டால் கிட்டத்தட்ட 39. அதற்கு 1,600 எலிமென்ட் ஆகும். பீம் எலிமென்டாக நான்கு போதுமாக இருந்த வேலைக்கு.

அடுக்கு அறிவுரை பிறந்த இடம் வேறு: குறைத் தொகையீட்டுச் செங்கல், அபாகஸில் சி3டி8ஆர். இது பூட்டாது, ஆனால் அதன் ஒரே அளவுப் புள்ளி நடுவில் இருப்பதால், ஒரே அடுக்கு போட்டால் வளைவில் அந்தப் புள்ளிக்குத் திரிபே தெரியாது. மணற்கடிகை வடிவில் எலிமென்டுகள் நெளிந்து, பட்டை துணிபோலத் துவண்டுவிடும். மென்பொருளின் செயற்கை விறைப்பு மட்டுமே அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டு அடுக்கில் இறக்கம் 40-க்குப் பதில் 53-ஐ ஒட்டி வரும். நான்கில் 43-ஐ ஒட்டி. இந்த எலிமென்டுக்குத்தான் நான்கு அடுக்கு வேண்டும். நான்கு அடுக்கிலும் மேலடுக்கின் அளவுப் புள்ளி விளிம்பில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. அங்கே வாசிக்கும் தகைவு 96 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். விளிம்பின் 120-ஐ அது காட்டாது.

வளைவுக்கென்றே செய்யப்பட்டவை பொருந்தா நகர்வு எலிமென்டுகள். வில்சன், டெய்லர், டோஹர்ட்டி, கபூசி நால்வரும் 1973-இல் கொண்டுவந்த எண்ணம் அது. எலிமென்டுக்குள் வளைவு வடிவத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவது. அபாகஸின் சி3டி8ஐ இந்த வகை. தடிமனில் ஒரே அடுக்கு, செவ்வகமாக நீண்ட துண்டுகள், அப்படியும் மெக்நீல் கான்டிலீவரில் இவ்வகை எலிமென்டுகள் 99 விழுக்காடு தருகின்றன. கோணலாக்கினால்தான் வினை: சரிவக மெஷ்ஷில் 5 விழுக்காடு அளவுக்கு விழுந்துவிடுகின்றன. இது நிரலாளரின் கவனக்குறைவும் அல்ல. சரிவகமாகக் குறுகும் நான்கு நோட் எலிமென்ட், பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனையில் தேறுவதாக இருந்தால் பூட்டாமல் இருக்க முடியாது என்று மெக்நீல் 1987-இல் தேற்றமாகவே நிறுவிவிட்டார். வளைகிற பாகத்தில் மெஷ் கோடுகளை நீளத்துக்குச் செங்குத்தாக வைக்க முடியவில்லை என்றால் இந்த எலிமென்டை நம்பக் கூடாது.

அத்தகைய கோணல் பாகங்களுக்கு இருபடி எலிமென்டுகள்தான் நிம்மதி. 20 நோட் செங்கலைக் குறைத் தொகையீட்டோடு போட்டால், சி3டி20ஆர் அல்லது ஆன்சிஸின் சாலிட்186, பட்டைக்கு ஒரே அடுக்கு போதும். தானியங்கி மெஷ் நான்முகிகளாக வெட்டுகிறது என்றால் 10 நோட் நான்முகியையே கேட்டு வாங்க வேண்டும். நான்கு நோட் நான்முகியை வளைகிற பாகத்தில் போடவே கூடாது. அதை எவ்வளவு நெருக்கினாலும் செலவுக்கேற்ற பலன் இல்லை.

மென்பொருளின் இயல்பு அமைப்பை ஒருமுறை கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது. சாலிட்185-ஐக் கட்டளை வழியாக அழைத்தால் இயல்பாகக் கிடைப்பது பி-பார் முறை. அது கன அளவுப் பூட்டை எடுக்குமே தவிர வெட்டுப் பூட்டைத் தொடாது. வளைவுக்கு கீஆப்ட்(2)-ஐ 2 அல்லது 3 ஆக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கால்குலிக்ஸில் பீம் எலிமென்ட் என்று கொடுத்தாலும் அது உள்ளே திண்ம எலிமென்டாக விரித்துக்கொள்ளும்: பி31 என்றால் சி3டி8ஐ, பி31ஆர் என்றால் சி3டி8ஆர். ஆகவே அங்கே 'ஆர்' சேர்த்துக் கொடுத்தால் மணற்கடிகைத் தொல்லை உத்திரத்துக்கும் வந்து சேரும்.

புதிய மென்பொருளோ புதிய எலிமென்டோ கைக்கு வந்தால், உண்மையான வேலையில் இறங்குமுன் அந்த 50க்கு 10 பட்டையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். 100 மி.மீ. துண்டுகள், ஒரே அடுக்கு. 1 மி.மீ. வந்தால் பூட்டு. ஐம்பதையும் நூறையும் தாண்டினால் மணற்கடிகை. 40-ஐ ஒட்டி வந்தால் அடுத்து மெஷ் கோடுகளை மாற்றி மாற்றி 45 பாகை சாய்த்து, அதே கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும். குறைத் தொகையீட்டு எலிமென்ட் என்றால், கூடவே செயற்கைச் சக்தியின் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். அது உள்சக்தியில் ஓரிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் தடிமனில் இன்னும் இரண்டு அடுக்கு.